நடந்து வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை

ஜான்ரோசின் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் புதிய விளையாட்டரங்கத்தின் விளக்குக் கம்பங்கள் நான்கும் தெரியும். காற்று இந்தப் பக்கமாக அடித்தால் நடுவருடைய விசில் சத்தம் அடுக்களை வரை கேட்கும். அரங்கத்தின் மூன்றாவது வாசலுக்கும் அவருடைய பின்வாசலுக்கும் நடுவில் இருப்பது ஒரு வாழைத்தோப்பும் ஓர் ஓடையும் மட்டும்தான். அப்படிப்பட்ட மனிதர் அந்த அரங்கத்துக்குள் நுழைவதற்காகக் குளச்சல் ரோட்டில் பாதி தூரம் போய்ச் சாயங்காலம் வரை காத்துக்கிடந்தார். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் உடனே நம்பிவிடுவார்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஜான்ரோசுக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற தொழில். மகள் பிரீனா கால்பந்து அணியில் கோல்கீப்பர். பள்ளிக்கூட மைதானத்தில் ஆரம்பித்து கல்லூரி, மாவட்டம் என்று படிப்படியாக ஏறியவள். கால்பந்துப் போட்டிகள் சனி ஞாயிறுகளில்தான் நடக்கும். கல்யாணங்களும் காதுகுத்துகளும் அப்படியே. மகள் கோல் போஸ்டுக்கு முன்னால் நிற்கிற நேரமெல்லாம் அப்பா ஏதாவதொரு கல்யாண வீட்டில் ஏணிமேல் நின்று தகரக் கொட்டகைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். அவள் விளையாடி அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

மாநில இறுதிப்போட்டி நம் ஊரிலேயே என்று முடிவானது. அது முடிந்த கையோடு பிரீனா விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த வேலைக்குச் சென்னை போகிறாள். அதற்குப் பிறகு அவள் விளையாடுவதெல்லாம் எந்தெந்த ஊரிலோ.

"அப்பா, இந்த ஒண்ணுக்காவது வருவியளா?" என்று கேட்டாள்.

"வருவேன் மக்களே."

"சும்மா சொல்லப்பிடாது."

"ரெண்டு கல்யாண ஆர்டர வேண்டாம்னுட்டேன். பெறவு என்ன?"

பிரீனா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். நம்பலாமா என்று யோசித்தது அவள் முகத்தில் தெரிந்தது. அது ஜான்ரோசுக்கு உள்ளுக்குள் வலித்தது.

போட்டியன்று மத்தியானம், நுழைவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனைவி நேசபாயோடு தோப்பைக் கடந்து மூன்றாவது வாசலுக்கு வந்தார். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் தாராளமாகக் கிடந்தது. வாசலில் பச்சை மேலங்கியும் கழுத்தில் விசிலுமாக வினோஜ் என்ற இளைஞன் நின்றான். அவன் முதுகில் 'சுமுகப் போக்குவரத்துக் குழு' என்று எழுதியிருந்தது. அரங்கம் கட்டி முடித்த பிறகுதான் வாகனம் நிறுத்த இடம் விடவில்லை என்பது அதிகாரிகளுக்கு ஞாபகம் வந்தது. இடம் உண்டாக்க முடியாது என்பதால் ஒரு குழுவை உண்டாக்கியிருந்தார்கள்.

"பார்க்கிங் சீட்டு எடுங்கண்ணே."

"வண்டி கொண்டு வரல மக்கா. நடந்துல்லா வந்தோம்."

"நடந்தா?" வினோஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எங்கேருந்து?"

"இந்தா, தோப்புக்கு அங்கோடி. நீல டேங்க் தெரியுதா? அதாக்கும் எனக்க வீடு."

"சத்தமாச் சொல்லாதீங்க. நடந்து வாறவங்களுக்கு அனுமதி இல்ல."

"காலு இருக்கவங்க நடக்கப்பிடாதா?" என்றாள் நேசபாய்.

"காலுக்கு நம்பர் பிளேட் இல்லியே அக்கா."

பேச்சு வளர்ந்தது. உள்ளேயிருந்து குழுவின் ஒருங்கிணைப்பாளர் பிரைட்டன் வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். அவரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

"ஐயா, இந்த அரங்கத்தில் முப்பதாயிரம் பேர் அமரலாம். வாகனம் நிறுத்தும் இடம், எங்கள் குழுவின் வாகனங்கள் போக, மிச்சம் இல்லை. ஆகவே பார்வையாளர்கள் வெளி மண்டலங்களில் வாகனத்தை நிறுத்தி, சீட்டுப் பெற்று, இணைப்புப் பேருந்தில் வருகிறார்கள். சீட்டு இருப்பவர்தான் பார்வையாளர். சீட்டு இல்லாத ஒருவர் எங்கிருந்து வந்தார், எப்படித் திரும்பிப் போவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நடந்தே திரும்பிப் போவேன் சாரே."

"அது உங்கள் திட்டம். எங்கள் திட்டத்தில் அது இல்லை."

"வண்டி இல்லாதவன் என்ன செய்யணும்?"

"ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்து, அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்," என்றார் பிரைட்டன். "மக்களின் வசதிக்காகத்தான் சொல்கிறேன்."

வேறு வழி இல்லை. ஜான்ரோஸ் வீட்டுக்குத் திரும்பி, சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டியை எடுத்தார். முந்தின நாள் கல்யாண வீட்டிலிருந்து வந்த பாத்திரங்கள் இறக்காமல் அதில் அப்படியே கிடந்தன. வார்ப்பு என்கிற பெரிய பிரியாணி அண்டா இரண்டு, சாம்பார் வாளிகள், ஆள் உயரக் கரண்டிகள். இறக்க நேரமில்லை. நேசபாய் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். குலுக்கத்தில் பின்னால் பாத்திரங்கள் இரைந்துகொண்டே வர, இருவரும் நாற்சந்தியில் இருந்த மண்டல ஒதுக்கீட்டு மேசைக்குப் போனார்கள். அங்கே அஜிதா என்ற பெண் கணினிக்கு முன்னால் இருந்தாள்.

"எந்தத் திசையிலேருந்து வாறீங்க?"

"ஒரு திசையும் இல்ல. இஞ்சதான்."

"'இஞ்சதான்'னு இதுல இல்லியே. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ஜான்ரோஸ் தன் வீட்டை நினைத்துப் பார்த்து, "கிழக்குன்னு வையிங்க," என்றார்.

அது தப்பாகப் போயிற்று. கிழக்கே இருந்து வருகிறவர்களுக்கு மேற்கேதான் இடம் என்பது குழுவின் கொள்கை. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பக்கம் சேர்ந்தால் நெரிசல் உண்டாகும், எல்லோரையும் கலந்துவிட்டால் நெரிசலும் கலைந்துவிடும் என்று அவர்கள் ஆய்ந்து கண்டிருந்தார்கள். அதன்படி மயிலாடிக்காரர்கள் குளச்சல் பக்கம் போக வேண்டும். குளச்சல்காரர்கள் மயிலாடிக்குப் போக வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து மலையிறங்கி வருகிறவர்களுக்குக் கடற்கரையில் இடம். ஜான்ரோசுக்குக் கிடைத்தது மண்டலம் ஆறு, குளச்சல் ரோட்டில் ஒரு தேவாலய மைதானம்.

வழியில் எதிரே ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே குளச்சல் மீனவர்கள், பந்து என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிறவர்கள். முன்சீட்டில் இருந்தவர் தலையை நீட்டினார்.

"எண்ணே, மயிலாடிக்கு இப்பிடியா போணும்?"

"நேரே போங்க. என்ன விசேசம்?"

"பந்து பாக்கப் போறோம்."

"பந்து இஞ்ச கிட்டல்லா நடக்கு! அந்தா லைட்டு தெரியுதே."

"தெரியும்ணே. வண்டி போடதுக்கு மயிலாடிக்குப் போறோம். நீங்க?"

"உங்க ஊருப் பக்கம்தான்," என்றார் ஜான்ரோஸ்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஹாரன்கள் கத்த ஆரம்பித்ததும் அவரவர் வழியில் போனார்கள்.

தேவாலய மைதானத்தில் அன்றைக்கு அசனம். சபையார் எல்லோரும் கூடி, ஊருக்கே சோறு போடுகிற வருஷாந்திர விருந்து. சபையில் ஒரு வருடத்துக்கு முன்பே தேதி குறித்துவிட்டார்கள். குழுவும் மைதானத்தைக் கேட்டது. சபைக்காரர்கள், வருகிறவர்களும் சாப்பிட்டுப் போகட்டுமே என்று கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் அடுப்பும் புகையும், இன்னொரு பக்கம் கார்களும் பைக்குகளும். இரண்டு வரிசைகள் இருந்தன, ஒன்று சோற்றுக்கு, மற்றது பஸ்ஸுக்கு. கொஞ்ச நேரத்தில் எது எந்த வரிசை என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. தூக்குவாளியோடு நின்ற பெண்களிடம் பச்சை மேலங்கிக்காரர்கள் நுழைவுச்சீட்டு கேட்டார்கள். நுழைவுச்சீட்டோடு நின்றவர்கள் கையில் இலை கொடுக்கப்பட்டது.

ஜான்ரோஸ் வண்டியை நிறுத்திச் சீட்டை வாங்குவதற்குள் சபைச் செயலாளர் ஜெரிஷ் ஓடிவந்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"ஜான்ரோஸ் அண்ணே! கர்த்தராப் பாத்து அனுப்பிச்சிருக்காரு. வார்ப்பு பத்தாமத் திண்டாடிட்டு இருக்கோம்."

"ஐயோ, நான் பந்து பாக்க வந்தவனாக்கும்."

"பந்தெல்லாம் பெறவு பாக்கலாம். எலேய், இறக்குங்கடே!"

நம் பக்கத்தில் பாத்திரக்காரன் பாத்திரத்தோடு அசனத்துக்கு வந்துவிட்டால் அவன் விருந்தாளி இல்லை, வேலைக்காரன். ஜான்ரோசும் அந்தப் பழக்கத்தில் ஊறியவர்தான். கையில் கரண்டியைக் கொடுத்தபோது மறுக்கத் தெரியவில்லை. சாம்பார் அடிபிடிப்பதைப் பார்த்ததும் தன்னை அறியாமல் கிண்டவும் ஆரம்பித்துவிட்டார்.

"பிரீனாக்க அப்பா!" நேசபாய் வந்து கரண்டியைப் பிடுங்கினாள். "பெத்த பிள்ள அங்க நிக்கா, நீங்க இஞ்ச சாம்பார் கிண்டுதியளா? பஸ்ஸு வந்தாச்சு!"

ஓடினார்கள். இடித்துப் பிடித்து ஏறினார்கள். பஸ் புறப்பட்டது. ஜான்ரோஸ் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கியிருக்கும். பரவாயில்லை, முதல் பாதியில் கொஞ்சம்தான் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. மதில் தெரிந்தது. வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் வினோஜ் விசிலடித்து பஸ்ஸை மறித்தான்.

"இஞ்ச நிறுத்தப்பிடாது."

"நிறுத்தாம ஆளை எப்படி இறக்கது?" என்றார் டிரைவர்.

"நிறுத்தினா அது பார்க்கிங். பார்க்கிங்குக்குச் சீட்டு வேணும். பஸ்ஸுக்குச் சீட்டு இருக்கா?"

"பஸ்ஸுக்கு எங்க குடுப்பாவ?"

"மண்டலம் ஆறுல."

"அங்கேருந்துல்லாடே வாறேன்!"

"அப்போ வாங்கிட்டு வந்திருக்கணும்."

ஜான்ரோஸ் ஜன்னல் வழியாகக் கத்தினார். "மக்கா, பஸ்ஸு பைய ஓடட்டும். நாங்க குதிச்சு இறங்கிக்கிடுதோம்."

"ஓடுற பஸ்ஸுலேருந்து இறங்கினா கேசு வரும்ணே," என்றான் வினோஜ். பாவம், உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான்.

பஸ்ஸின் தானியங்கிக் கதவு திறக்கவில்லை. பஸ் அரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஜான்ரோசின் வீட்டுப் பின்வாசலை ஒட்டியே போயிற்று. நீல டேங்க் தெரிந்தது. கொடியில் காய்ந்த துணிகள் தெரிந்தன.

"துணிய எடுத்து வச்சிருக்கலாம்," என்றாள் நேசபாய். பிறகு அழுதுவிட்டாள்.

பஸ் எல்லோரையும் திரும்ப மண்டலம் ஆறுக்கே கொண்டுவந்து இறக்கியது. சீட்டு வாங்க டிரைவர் வரிசையில் போய் நின்றார். அது சோற்று வரிசை. அவர் கையில் இலையோடு உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஜான்ரோசுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

மைதானத்தின் ஓரத்தில் குழு ஒரு பெரிய திரை வைத்திருந்தது. போட்டியைக் காட்டப்போகிறார்கள் என்று அதன்முன் கூட்டம் உட்கார்ந்திருந்தது. திரையில் தெரிந்தவை போக்குவரத்துக் கேமராக்கள். மாறி மாறி மைதானங்களைக் காட்டின. மயிலாடியில் வண்டிகளும் ஆட்களும். கடற்கரையில் வண்டிகளும் ஆட்களும். நடுநடுவே அரங்கத்தைச் சுற்றியுள்ள சாலை வந்தது. அதில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. திரையை இயக்கியவள் லிஜா என்ற பெண்.

"மக்களே, பந்து வராதா?" என்று கேட்டார் ஜான்ரோஸ்.

"இது டிராஃபிக் கமிட்டிக்க ஸ்கிரீன், அண்ணா. மேட்ச் காட்ட எங்களுக்குப் பெர்மிஷன் இல்ல."

சாயங்காலம் ஆகிவிட்டது. அப்போது திரையில் மூன்றாவது வாசல் வந்தது. யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் பச்சைப் புல்லும், வெள்ளைக் கம்பமும், பாதி வலையும் தெரிந்தன. கம்பத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டையில் ஒருத்தி நின்றாள். குனிந்து காலுறையை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடையில் தட்டினாள்.

"பிரீனா!" ஜான்ரோஸ் எழுந்துவிட்டார். "லேய், அது எனக்க மவளாக்கும்! மக்களே, மாத்தாத! மாத்தாத!"

லிஜா மாற்றவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரும் கண்காணிக்கவில்லை என்று தெரிந்ததும் அப்படியே விட்டுவிட்டாள். சோற்றுப் பந்தியிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். ஜெரிஷ் கரண்டியோடு வந்தார். இலையை மடித்துவிட்டு டிரைவரும் வந்தார். ஒரு கம்பமும் பாதி வலையும் தெரிகிற அந்தத் திரையை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்கு வந்திருந்தது. தெய்வாதீனமாக அதே கோல் போஸ்டுக்குத்தான் இரண்டு அணியும் அடித்தன. ஒரு பந்துக்குப் பிரீனா இந்தப் பக்கமாகப் பாய்ந்தாள். முழு நீளத்துக்குக் காற்றில் கிடந்தாள், விரல் நுனியில் பந்து பட்டு வெளியே போயிற்று. மைதானம் அலறியது. முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் ஜான்ரோசைக் கட்டிப்பிடித்தார். ஜான்ரோஸ் நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை வருடமும் தான் என்னத்தைப் பார்க்காமல் போனோம் என்பது அவருக்கு அப்போதுதான் முழுவதுமாகத் தெரிந்தது. இவள் என் மகளா, இப்படிப் பறக்கிறவளா?

இன்னொரு பந்துக்கு அவள் அந்தப் பக்கம் பாய்ந்து திரையை விட்டு மறைந்தாள். என்ன ஆனது என்று தெரியவில்லை. திரும்பி வந்தவள் தலை குனிந்திருந்ததால் கோல் விழுந்திருக்கும் என்று டிரைவர் சொன்னார். கடைசிப் பந்து. அவள் கோட்டில் போய் நின்று கைகளை விரித்தாள்.

அந்த நேரத்தில்தான் பிரைட்டனின் கார் வந்தது. கூடவே பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். அவர் திரைக்கு முன்னால் போட்டிருந்த மேடையில் ஏறினார், திரையைப் பார்த்தார்.

"என்ன இது? இதில் விளையாட்டு தெரிகிறதே."

"சாரே, அது எனக்க மவ. கடைசிப் பந்தாக்கும். ஒரே ஒரு மினிட்டு விடுங்க."

"ஐயா, உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் எங்கள் குழுவுக்கும் விளையாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குப் பின்னால் சாலை தெரிய வேண்டும்."

லிஜா தயங்கினாள். பிரைட்டன் சாலை, சாலை என்று இரண்டு முறை சொன்னார். திரை மாறியது. வெறிச்சோடிய சாலையும் நாயும் வந்தன. ஜான்ரோஸ் திரையின் ஓரத்துக்கு ஓடி, மறைந்த மிச்சம் அங்கே தெரியும் என்பதுபோல எட்டிப் பார்த்தார். நேசபாய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பிரைட்டன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. அரங்கத்தைச் சுற்றி ஒரு வாகனம் இல்லை. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. நெரிசல் எதனால் உண்டாகிறது என்று பல நாடுகளுக்கு நேரில் சென்று ஆய்வு செய்தோம். எல்லா நாடுகளிலும் ஒரே காரணம்தான். போட்டியைப் பார்க்க மக்கள் வருகிறார்கள். இந்த உண்மையை மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். நாங்கள் விடவில்லை. மண்டலம் ஆறில் மட்டும் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குப் பார்வையாளர்கள் வந்திருக்கிறார்கள். பலர் தூக்குவாளியோடு குடும்பமாக வந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. இனி கோவில் திருவிழாக்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இதே முறையைக் கொண்டுவருவோம் என்று உறுதி அளிக்கிறேன்."

பச்சை மேலங்கிகள் கை தட்டின. பழக்க தோஷத்தில் கூட்டமும் தட்டியது.

கைதட்டலுக்கு நடுவில் ஜான்ரோசின் போன் அடித்தது. புது நம்பர். காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, பைக்குகளுக்கு இடையில் ஒதுங்கினார். நேசபாயும் பின்னாலேயே போனாள்.

"அப்பா, நானாக்கும். கோச்சுக்க போன்."

"மக்களே! என்னாச்சு?"

"ஜெயிச்சாச்சு. கடைசிப் பந்த பிடிச்சிட்டேன்." அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நீங்க எங்க?"

ஜான்ரோஸ் நேசபாயைப் பார்த்தார். குளச்சல் ரோட்டில் ஒரு சர்ச் மைதானத்தில் என்று எப்படிச் சொல்வது? கல்யாண வேலை வந்துவிட்டது, கயிறு கட்ட ஆள் வரவில்லை, பஸ் பிந்திவிட்டது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். அவையும் பொய்கள் இல்லை. ஆனால் அவள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருக்கிறாள். இதையும் சொன்னால் எல்லாவற்றிலும் பெரிய சாக்காக இதுதான் இருக்கும்.

"இஞ்சதான் மக்களே, கேலரியில," என்றார். "எல்லாம் பாத்தேன். நீ பாஞ்சு பிடிச்சதப் பாத்து அழுதிட்டேன், கேட்டியா. பக்கத்துல இருந்தவங்கல்லாம் என்னயக் கட்டிப் பிடிச்சிட்டாவ."

நேசபாய் தரையைப் பார்த்தாள்.



"அப்பா," என்றாள் பிரீனா, கோபமே இல்லாமல். "கேலரியில ஒத்த ஆளு இல்லப்பா."